மேற்கே முதுகு, கிழக்கே வாய்: ஆடிக்காற்றில் ஐந்து ஊர் சுற்றிய கார் அரங்கு

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர். இந்த ஐந்து ஊர்களிலும் ஒரு புதிய காரை அறிமுகப்படுத்த வேண்டும், அதற்கு ஒரே அரங்கைக் கழற்றிக் கழற்றிப் பூட்ட வேண்டும் என்று அரங்கு வடிவமைக்கும் எங்களிடம் கேட்டு வந்தார்கள். ஊருக்கு இரண்டு நாள் காட்சி. இரண்டு ஊர்களுக்கு நடுவில் பிரிக்க, ஏற்ற, மறுபடி நிறுத்தக் கொஞ்சம் அவகாசம். மாதம் ஆடி.

ஏன் ஆடி என்பதற்குக் காரணம் இருந்தது. நம் பக்கத்தில் ஆடியில் பெரும்பாலும் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஆவணி பிறந்ததும்தான் நாள் பார்த்து எடுப்பார்கள். அதனால் ஆடியில் காட்டிவிட்டால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, கடன் விஷயம் விசாரித்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் வந்து நிற்பார்கள் என்பது விற்பனையாளரின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதே ஆடியில்தான் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்குக் காற்று இறங்கி வருகிறது. முப்பந்தலிலும் பணகுடியிலும் ராதாபுரத்திலும் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நாங்கள் அதை வடிவமைப்பு நிபந்தனைகளில் முதல் வரியாகவே எழுதி வைத்துக்கொண்டோம்.

எழுதி வைத்த பிறகும் முதல் ஊரிலேயே அந்த வரியை மீறினோம். அதிலிருந்து கற்றதுதான் இந்த ஆய்வின் முக்கால் பங்கு.

கையில் வந்த படம்

கார் நிறுவனத்தின் பக்கமிருந்து ஒரு படம் வந்தது. பெருநகர வணிக வளாகம் ஒன்றின் உள்ளே நிறுத்துவதற்காக வரைந்தது. 12 மீட்டருக்கு 12 மீட்டர், உயரம் 4.8 மீட்டர், மூன்று பக்கம் மூடிய கறுப்புப் பெட்டி, முழுக் கூரை, உள்ளே 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட எல்இடி திரை, நடுவில் கார் சுழலும் மேடை. பார்க்க அழகான படம். அதை வரைந்தவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. வளாகத்துக்குள் காற்று இல்லை, வெயில் இல்லை, தரை கிரானைட்.

திறந்த மைதானத்தில் அதே பெட்டியை வைத்தால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டோம். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று கிடைக்கும். வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் அழுத்தம் 240 நியூட்டன். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ. ஒரு பக்கச் சுவர் மட்டும் 12 மீட்டருக்கு 4.8 மீட்டர் என்றால் 57.6 சதுர மீட்டர். சுவர் மேல் விழும் தள்ளு 1,400 கிலோவுக்கு மேல். வடிவத்தைப் பொறுத்துப் பெருக்க வேண்டிய எண்ணான கெழுவைச் சேர்த்தால் இன்னும் ஏறும். மண் தரையில் அந்தச் சுவர் நழுவாமல் இருக்க, உராய்வு 0.4 என்று வைத்தாலும், மூன்றரை டன் பாரம் வேண்டும். ஒரு சுவருக்கு மட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தில் மதுரைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். நிலையான கட்டடங்களுக்கான எண் அது. அந்த வேகத்தில் அழுத்தம் 900 நியூட்டனைத் தாண்டும். இரண்டு நாள் நிற்கும் அரங்கைத் துணியும் பலகையும் மாட்டிய நிலையில் அதற்குத் தாங்க வைப்பது கட்டுப்படியாகாது. ஆகவே காற்று ஏறும்போது எதை எப்போது இறக்குவது என்பதும் வடிவமைப்புக்குள்ளேயே வர வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி இது: கையடக்கக் காற்றுமானியில் வினாடிக்கு 10 மீட்டர் காட்டினால் தொங்கும் துணிகள் இறங்க வேண்டும், 13 காட்டினால் திரையின் மேல்வரிசைகள் இறங்க வேண்டும், 15 காட்டினால் ஆட்கள் வெளியே, கூரைத்துணி கீழே. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, மானியைப் பிடித்திருப்பவர் சொன்னால் போதும். விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினோம்.

ஒரு கண்ணி எவ்வளவு

கழற்றிப் பூட்டும் அரங்கில் எல்லாமே ஒரு அளவிலிருந்து பிறக்கின்றன. அதைக் கண்ணி என்போம். எங்களுக்கு அந்த அளவு 3 மீட்டர். அழகுக்காக எடுத்த எண் கிடையாது. 3 மீட்டர் அலுமினிய டிரஸ் (குழாய்களைப் பின்னிச் செய்த சட்டம்) ஒன்று, 29 சென்டிமீட்டர் சதுர வகை, ஏறத்தாழ 20 கிலோ. இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கிப் போகலாம். 17 அடி லாரியில் நீளவாக்கில் படுக்கும், மீதி இடத்தில் பலகைகள் நிற்கும். எல்இடி பலகைகள் 500 மில்லிமீட்டர் சதுரம் என்பதால் ஆறு பலகை சேர்ந்தால் சரியாக ஒரு கண்ணி.

கார் எவ்வளவு இடம் கேட்கும் என்பது அடுத்த கேள்வி. சிறிய கார்களில் பலவும் 3.99 மீட்டர் நீளத்தில் வந்து நிற்பதற்குக் காரணம் வரி. 4 மீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதனால் எந்த நிறுவனத்தின் சிறிய காருக்கும் இந்தக் கண்ணி பொருந்தும். அகலம் 1.8 மீட்டர், இரண்டு பக்கமும் கதவைத் திறக்க ஒவ்வொரு மீட்டர், ஆக 3.8. ஒரு கண்ணி போதாது. நீளத்தில் 4 மீட்டர், முன்னும் பின்னும் ஆள் சுற்றி வர ஒவ்வொரு மீட்டர். ஆக ஒரு காருக்கு இரண்டுக்கு இரண்டு, 6 மீட்டர் சதுரம். இதற்குக் கீழே குறைத்தால் கதவைத் திறந்தவர் முட்டி, வரிசையில் நிற்பவர் மேல் படும்.

சுழல் மேடையை எடுத்துவிட்டோம். இதற்கு நான் கடுமையாகவே வாதாடினேன். நம் ஊரில் கார் பார்க்க ஒருவர் வருவதில்லை, வீடே வருகிறது. ஆச்சியைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி "கால் நீட்ட வசதியா இருக்கா" என்று கேட்பார்கள். டிக்கியைத் திறந்து அரிசி மூட்டை எத்தனை போகும் என்று கையால் அளப்பார்கள். சுழன்றுகொண்டிருக்கும் காரை யாரும் தொட முடியாது. தொட முடியாத காரைக் காட்ட இத்தனை தூரம் பந்தலைச் சுமந்து வர வேண்டியதில்லை. மேடையை வெறும் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கி, 1.8 மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் கொடுத்தோம். பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வு. சக்கர நாற்காலியும் ஏறும், காரும் அதே வழியில் ஏறும்.

மேடையில் ஒரு சிக்கல். டிரஸ் மீட்டரில் வருகிறது, பந்தல்காரர்களிடம் இருக்கும் மேடைப் பலகை எல்லாம் 8 அடிக்கு 4 அடி. 3 மீட்டரும் 8 அடியும் எந்தக் காலத்திலும் சேராது. முதலில் பலகையை அறுத்துச் சேர்க்கப் பார்த்தோம். அறுத்த பலகை வேறு எந்த வேலைக்கும் உதவாது என்று பந்தல் மேஸ்திரி முகம் சுளித்தார். அவர் சொன்னது நியாயம். மேடையை டிரஸ் கட்டத்திலிருந்து முழுக்க விடுவித்து, தனித்தீவு போல நடுவில் வைத்தோம். 16 அடிக்கு 12 அடி. சுற்றிலும் தரை விரிப்பு. அளவு பொருந்தாத இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. டயர் நிற்கும் நான்கு இடங்களில் மட்டும் பலகைக்கு மேல் இரும்புத் தகடு. ஒரு டயருக்கு 300 கிலோவுக்குக் குறையாத பளு உள்ளங்கை அளவு இடத்தில் இறங்குகிறது, சட்டத்துக்கு நடுவில் அது விழுந்தால் பலகை தாங்காது.

திரையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். எல்லோரும் அதை மேல் டிரஸ்ஸில் தொங்கவிடவே விரும்புவார்கள். வெயிலில் அலுமினியம் நீள்கிறது. 12 மீட்டர் டிரஸ் 25 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அது தலைக்கு மேல் நீண்டால் பலகைகளுக்கு நடுவே கோடு விழும், திரையில் கார் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். திரையைத் தரையிலிருந்து தன் சொந்தச் சட்டத்தில் அடுக்கினோம். 72 பலகை, அரை டன்னுக்கு மேல் எடை. அந்த எடையும் கீழே பாரமாக உதவட்டும் என்று விட்டோம்.

தேர் கட்டுவதைப் பார்த்தது

வேலை தொடங்குவதற்குச் சில வாரம் முன்புதான் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்திருந்தது. தேர் கட்டுவதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் வேலையாகப் பார்த்தது அந்த முறைதான். அடியில் செதுக்கிய மரப்பகுதி நிலையானது. அதற்கு மேலே கம்புகளால் சாரம் எழுப்பி, துணி சுற்றி, ஓரங்களில் தொம்பை தொங்கவிடுவது ஆண்டுதோறும் புதிதாக நடக்கிறது. திருவிழா முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். தொம்பை ஒரு உருளைத் துணி. காற்று வந்தால் அது ஆடுகிறது, எதிர்த்து நிற்பதில்லை.

லண்டன் ஹைட் பார்க்கில் 1851-இல் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு மாளிகையை (கிரிஸ்டல் பேலஸ்) இந்தத் துறையில் எல்லோரும் முதல் பாடமாகப் படிப்பார்கள். 49 அங்குல நீளக் கண்ணாடி, 24 அடிக் கட்டம், எல்லாம் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பூட்டியது. எனக்கு அதில் பிடித்தது கட்டிய விதத்தைவிடப் பிறகு நடந்தது. அதைப் பிரித்து சிடனாம் என்ற இடத்தில் 1854-இல் மறுபடி எழுப்பினார்கள். அப்போது பழைய உருவத்தையே திருப்பிக் கட்டவில்லை, புது இடத்துக்கு ஏற்றபடி பெரிதாக்கி மாற்றினார்கள். உருப்படிகள் கையில் இருந்தால் உருவம் இடத்துக்கு ஏற்பத் திரும்பலாம். இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தும் நான் பாளையங்கோட்டையில் மறந்தேன்.

பாளையங்கோட்டையில் தூக்கிய கால்

மைதானத்தின் வாசல் மேற்குப் பக்கம். சாலையிலிருந்து பார்ப்பவருக்குக் கார் தெரிய வேண்டும் என்பதால் அரங்கின் திறந்த வாயை மேற்கே வைத்து, எல்இடி திரையைக் கிழக்கே வைக்கச் சொன்னார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். சுவர்களின் தள்ளுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தோமே, பாரம் வைத்தாகிவிட்டதே என்ற தைரியம்.

பந்தல் மேஸ்திரி திருநெல்வேலி டவுனைச் சேர்ந்தவர், தலைமுறையாக அந்தத் தொழில். டிரஸ் வேலையைக் கடந்த சில ஆண்டுகளில்தான் கற்றுக்கொண்டவர். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஆடியில பந்தலுக்கு மேக்க முதுகு குடுக்கணும், கிழக்க வாய் வைக்கணும். மேக்க வாயைத் தொறந்து கிழக்க அடைச்சேன்னா, பந்தல் வயித்தை ஊதிரும்."

"பாரம் நிறைய வச்சிருக்கோம் அண்ணாச்சி."

"பாரம் தள்ளுறதுக்கு நிக்கும். தூக்குறதுக்கு நிக்கணும்லா?"

முதல் நாள் மாலை ஒத்திகை. விருந்தினர் யாரும் வரவில்லை, கார் கூட மேடை ஏறவில்லை. ஐந்து மணிக்கு மேல் மேற்கேயிருந்து ஒரு வீச்சு வந்தது. காற்றுமானியில் 12 தான் காட்டியது, கூரைத்துணிக்கு நாங்கள் வைத்த எல்லைக்குக் கீழே. கூரைத்துணி ஒரு தடவை குப்பென்று உப்பியது. வடகிழக்குத் தூணின் அடித்தட்டு தரையிலிருந்து நாலு விரல் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பையனின் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தூணுக்கு இரண்டு அடி தள்ளித்தான் அவன் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான்.

என்ன நடந்தது என்பது கணக்கில் எளிது. காற்று வரும் பக்கம் திறந்திருந்து போகும் பக்கம் அடைபட்டால், உள்ளே புகுந்த காற்றுக்கு வழியில்லை. கூரையின் அடியில் அழுத்தம் ஏறுகிறது. அதே நேரம் கூரையின் மேலே ஓடும் காற்று மேல்நோக்கி உறிஞ்சுகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து தூக்குகின்றன. எதிர்ப்பக்கமாக, காற்று வரும் பக்கம் அடைத்துப் போகும் பக்கம் திறந்திருந்தால் உள்ளேயும் உறிஞ்சல்தான் வரும். அது கூரையைக் கீழே இழுக்கிறது, மேலே உள்ள உறிஞ்சலோடு பெருமளவு சமன் ஆகிறது. விதி நூலில் திறந்த கூரைகளுக்கு, அடியில் காற்றோட்டம் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதை வைத்தே தனிக் கெழு கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கும்போது மேஸ்திரி சொன்ன வரிதான் காதில் கேட்டது. அவர் அதை ஒரு வரியில் வைத்திருந்தார்.

அன்று இரவே அரங்கைத் திருப்பினோம். பிரித்து, எதையும் புதிதாகச் செய்யாமல், இருந்த உருப்படிகளையே எதிர்ப்பக்கமாகப் பூட்டினோம். விடியற்காலம் வரை ஆனது. திரை மேற்கே வந்தது, வாய் கிழக்கே போனது. சாலையிலிருந்து தெரிய வேண்டும் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்கு, திரைக்குப் பின்னால் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தையே முகப்பாக்கினோம். நிறுவனத்தின் எழுத்தும் நிறமும் அங்கே. வாசலில் நுழைந்தவர் தெற்குப் பக்கமாகச் சுற்றி வந்து, கிழக்கே திரும்பியதும் காரைப் பார்ப்பார். நேராகக் கார் தெரிந்ததைவிட இது நன்றாக இருந்தது என்று விற்பனையாளரே சொன்னார். சுற்றி வரும் அந்தப் பத்துப் பதினைந்து அடியில் ஆவல் கூடுகிறது. கோயிலில் சுற்றி வந்து சன்னதி பார்ப்பது நமக்குப் பழக்கம்தானே.

இன்னும் இரண்டு நன்மை தானாக வந்தன. மாலை வெயில் திரையின் முதுகில் விழுந்தது, முகம் நிழலில் இருந்தது. கார் கிழக்கு பார்த்து நின்றதால் பெரியவர்களுக்கும் மனநிறைவு.

பாரத்தையும் மாற்றினோம். முதலில் இரும்புக் கட்டிகள் வைத்திருந்தோம், லாரியில் பாதி இடத்தை அதுவே அடைத்தது. பிறகு இரும்புக் கூண்டு வைத்த ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள். நிரப்பினால் ஒன்று ஒரு டன், காலியாக இருந்தால் நாலு பேர் தூக்கலாம். அதன் உயரம் 1.16 மீட்டர். நின்று விண்ணப்பம் எழுதும் மேசைக்கு அதே உயரம்தான் வேண்டும். மேலே பலகை போட்டு, முன்பக்கம் பத்தமடைப் பாயைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதும் பதிவு மேசை ஆனது. கோரைப் பாயின் அந்த மினுமினுப்பு நிறுவனத்தின் நீலத்துக்குப் பக்கத்தில் நன்றாக உட்கார்ந்தது. மேசையைத் தூணோடு பூட்டினோம். இப்போது தூண் எழும்ப வேண்டுமானால் ஒரு டன் தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

மற்ற ஊர்கள்

அம்பாசமுத்திரத்தில் பெரிய சிக்கல் இல்லை. வயலை மேவி எடுத்த மனை, ஒரு மூலை மெத்தென்று இருந்தது, தூணுக்கு அடியில் அகலப் பலகை போட்டோம். திரைச்சீலையை விலக்கிக் காரைக் காட்டும் நிகழ்ச்சியில் பட்டுத்துணி எழும்பிக் காரின் மேலேயே மறுபடி விழுந்தது, இரண்டு பேர் ஓடிப்போய் இழுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஊரிலிருந்து துணியை விட்டுவிட்டு, விளக்கை அணைத்து ஏற்றுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

தென்காசியில் குற்றாலச் சாரல். மழை மேலிருந்து விழவில்லை, மேற்கேயிருந்து படுக்கையாக வந்தது. மேற்குச் சுவர் காற்றுக்கு மட்டுமின்றிச் சாரலுக்கும் மறைப்பானது. திரையின் பின்பக்க இணைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக மூடினோம். ஜெனரேட்டரைக் காற்று போகும் பக்கம் வைத்தால்தான் புகை உள்ளே வராது, ஆனால் அந்தப் பக்கம்தான் இப்போது வாய். வடகிழக்கு மூலையில் தள்ளி வைத்தோம், கேபிள் நீளம் கூடியது. ஒலிபெருக்கிக்கு அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று, பத்து மணிக்கு ஒலியை நிறுத்துவது எல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுபோலத்தான்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடியும் வரை காத்திருந்தோம். கோமதி அம்மன் தபசுக்கு ஊரே திரளும் நாட்களில் ஒரு மைதானமும் காலியாக இருக்காது, இருந்தாலும் அப்போது போய் நிற்பது முறையில்லை. அங்கே மண் கரிசல். காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கரிசலில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் தரை மட்டம் மாறும், தண்ணீர் பட்டால் அதே மண் உப்பி எழும்பும். தூணின் உயரத்தைச் சரிசெய்யும் எங்கள் அடி ஜாக்குகளின் திருகு நீளம் போதவில்லை. செங்கல் அடுக்கிச் சமாளித்தோம், அது சரியான வழி இல்லை, அடுத்த முறைக்கு நீளத் திருகு சொல்லியிருக்கிறோம். பிரிக்கும்போது தொட்டித் தண்ணீரை மண்ணில் கொட்ட மனம் வரவில்லை. மைதானத்து ஓரம் இருந்த வேப்பங்கன்றுகளுக்கு ஓஸ் போட்டு விட்டோம்.

ஒரு சின்னக் குறிப்பு, பந்தல் தொழிலில் இருப்பவர்களுக்கு. ஃபிளெக்ஸில் பிறை வடிவில் கீறிவிட்டால் காற்று போய்விடும் என்று நம்புகிறோம். குறைவது மிகக் கொஞ்சம்தான். வலைத்துணி கூட, பாதி இடம் ஓட்டையாக இருந்தாலும், பளு பாதியாவதில்லை. ஒவ்வொரு இழையின் ஓரத்திலும் காற்று உரசுகிறது, பாதிக்கு மேலேயே நிற்கும். குறைக்க வேண்டுமானால் துணியின் பரப்பைக் குறைக்க வேண்டும், அல்லது தொம்பை மாதிரி அடியில் கட்டாமல் விட வேண்டும். பக்கச் சுவர்களில் நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். நிறுவன நிறத்தில் நீள உருளைத் துணிகள், மேலே மட்டும் கட்டு. காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஒரு வயதான அம்மா அதைப் பார்த்து, "தேர்ல தொங்குமே, அது மாதிரி இருக்குய்யா" என்றார். நிறுவனத்தின் அடையாளக் கையேட்டில் இதற்கு இடம் இல்லை. ஆனால் கையேட்டில் உள்ள மூன்றை நாங்கள் எந்த ஊரிலும் தொடவில்லை: எழுத்து, நீலம், 2.4 மீட்டர் உயரத்தில் அரங்கைச் சுற்றி ஓடும் ஒளிப்பட்டை. இந்த மூன்றும் இருந்ததால் ஐந்து ஊரிலும் ஐந்து விதமாக நின்ற அரங்கைப் படங்களில் பார்த்தவர்கள் ஒரே அரங்கு என்றுதான் நினைத்தார்கள்.

வள்ளியூர்

வள்ளியூர் போய் இறங்கிய காலையிலேயே மானி 11, 12 என்று நின்றது. மதியம் 14 தொட்டது. வடக்கேயும் தெற்கேயும் காற்றாலைகள் ஓயாமல் சுழன்றன. இந்த ஊரில் மாலை முழுக்கக் கூரையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

கூரையே வேண்டாம் என்றேன். மேற்குச் சுவர் மட்டும், அதுவும் 4.8-லிருந்து 3 மீட்டராக இறக்கி. திரைக்குப் பின்னால் சாய்வுத் தாங்கல் கொடுத்து, இரண்டு தொட்டி கூடுதலாக. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அந்தத் திரை மேல் விழும் தள்ளு ஏறத்தாழ 250 கிலோ, கெழு சேர்த்தால் 300-க்கு மேல், அதைத் தொட்டிகள் எளிதாகப் பிடிக்கும். நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. கூரை இல்லாவிட்டால் விளக்கு எதில் தொங்கும், விளக்கு இல்லாவிட்டால் கார் எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கார் வெளிச்சம் படும் பொருள் என்று சொல்வதைவிட வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் பொருள் என்று சொல்வதுதான் சரி. அதன் மேல் புள்ளி விளக்கு அடித்தால் புள்ளி புள்ளியாகத்தான் மினுங்கும். நீள விளக்கு காட்டினால் உடலின் வளைவு ஒரு கோடாக ஓடும். அதற்குத்தான் கூரையில் நீள விளக்குகள் கட்டியிருந்தோம்.

ஆனால் அதைவிடப் பெரிய நீள விளக்கு தலைக்கு மேலேயே இருந்தது. பொழுது சாய்ந்து இருட்டுவதற்கு முந்திய கொஞ்ச நேரம், வானம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் தரும். கார் படம் எடுப்பவர்கள் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். அறிமுகத்தை ஏழு மணியிலிருந்து ஆறரைக்குத் தள்ளுங்கள் என்று கேட்டேன். மேஸ்திரியும் என் பக்கம் பேசினார்: "சார், வள்ளியூர்க் காத்துக்குக் கூரை கட்டி நிக்க வச்சவன் எவனும் இல்ல. நாங்களே ஆடியில இங்ஙன ஒப்பந்தம் எடுக்கமாட்டோம்." கடைசியில் சரி என்றார்.

கூரை இல்லாததால் வேலை மதியத்துக்குள் முடிந்தது. முதல் ஊரில் ஒன்றரை நாள் எடுத்த அதே ஆட்கள்தான். ஆறே காலுக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினோம். கூட்டம் தெற்கே சுற்றி வந்து கிழக்கே திரும்பியது. சுவருக்குப் பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் புடவைத் தலைப்பு கூட அசையவில்லை. காரின் முன்மூடியில் வானத்தின் வெளிச்சம் முழுதாக விழுந்து, தோள்பட்டைக் கோடு விளக்கிலிருந்து விளக்கு வரை ஒரே இழையாக ஓடியது. அதற்கு முந்திய நான்கு ஊர்களிலும் அந்தக் கோடு அப்படித் தெரியவில்லை. நிறுவனத்திலிருந்து வந்தவர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்து, பாளையங்கோட்டைப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, அங்கேயும் கூரை இல்லாமல் செய்திருக்க முடியுமா என்று கேட்டார்.

முடியும், மேற்கே முதுகு வைத்தால் என்றேன்.